புகைச் சத்தியம்

உலகம் சூடாவதற்குப் புளியடித்துறைக் கதிராமன்தான் காரணம் என்பது 2003ஆம் ஆண்டு ஆவணி மாதம்வரை யாருக்கும் தெரியாது. கதிராமனுக்கே தெரியாது. கொழும்பிலிருந்து நாளைக் கம்பனி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நாளைக் கம்பனி என்பது ஊர் வைத்த பெயர். வாகனக் கதவில் எழுதியிருந்த முழுப் பெயர் ‘நாளைய பூமி பொறியியல் ஆலோசகர்கள்’. ஹோட்டல், பாலம், சீமெந்து ஆலை என்று நாடு முழுக்கக் கொங்கிறீற்று ஊற்றி வளர்ந்த கம்பனி. பூமிக்குக் காய்ச்சல் என்று வெளிநாடுகளில் கதை அடிபடத் தொடங்கியதும், அந்தக் காய்ச்சலைப் பார்க்கவும் ஒரு பகுதியைத் திறந்தது. நோய் வரப்பண்ணினவனுக்குத்தான் மருந்தும் தெரியும் என்று நம்புகிற உலகம் இது. வேலை உடனே கிடைத்தது.

புளியடித்துறை கொட்டியாரக் குடாவின் தென்கரையில், சம்பூரையும் தாண்டிப் போனால் வருகிற சின்னத் துறை. யுத்தம் முற்றிப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல், மண்ணெண்ணெய், சீமெந்து, ரோச் விளக்குப் பற்றரி எல்லாம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டக் கூடாது என்றும் கட்டளை. கதிராமன் தன்னுடைய எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, கோழிக்கூட்டுக்குக் கீழே புதைத்தான். கோழிகள் பரம்பரை பரம்பரையாக அதன்மேல் இருந்து முட்டையிட்டன. யுத்தநிறுத்தம் வந்த வருசம் தோண்டி எடுத்துத் துடைத்துக் கயிற்றை இழுத்தபோது, அது இருமி இருமி ஒருவாறு உயிர்த்தது. சத்தம் கேட்டுப் பாதி ஊர் கரைக்கு ஓடி வந்தது. மற்றப் பாதி பழக்கதோஷத்தில் பதுங்குகுழிக்குள் ஓடியது.

கம்பனி இந்த ஊரைக் கண்டுபிடித்தது ஆகாயத்திலிருந்து. செய்மதி இரவில் எடுத்த படம் ஒன்றைக் கம்பனியின் பணிப்பாளர் பொறியியலாளர் யேசுரட்ணம் மேசையில் விரித்துவைத்துப் பார்த்தார். தீவெல்லாம் வெளிச்சப் பொட்டுகள். திருமலை என்கிற திருகோணமலைத் துறைமுகம் பளபளவென்றிருந்தது. குடாவுக்குத் தெற்கே மட்டும் மை கொட்டினது போல ஒரே கறுப்பு.

“இவ்வளவு ஒழுக்கமான சனத்தை நான் எங்கேயும் பார்க்கவில்லை” என்றார் யேசுரட்ணம்.

“அது தடை சேர். ஒழுக்கம் இல்லை” என்றாள் ஐவி. அவள் திருமலைப் பட்டினத்துப் பெண், கம்பனியின் சமூக இணைப்பாளர். 

“காரணம் எதுவாகவும் இருக்கலாம், பிள்ளை. பொறியியலில் விளைவுதான் முக்கியம்.”

கம்பனியின் விழிப்புணர்வுச் செயலமர்வு பள்ளிக்கூடத்தில் நடந்தது. படம் காட்டுவதற்கு இருட்டு வேண்டியிருந்ததால், ஷெல் விழுந்த கூரை ஓட்டையைத் தறப்பாளால் மூடினார்கள். தறப்பாள் போட்டதும் உள்ளே புழுங்கியது. அதற்கு மின்விசிறி, மின்விசிறிக்கு ஜெனரேற்றர், ஜெனரேற்றருக்கு ஒரு பீப்பா டீசல். எல்லாவற்றையும் கம்பனியே லொறியில் கொண்டு வந்திருந்தது.

யேசுரட்ணம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். “உங்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் காபனீரொட்சைட்டு விடாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை. என் வீட்டில் மூன்று அறைக்குக் குளிரூட்டி. நீங்களோ மின்சாரம் இல்லாமல், சீமெந்து இல்லாமல், எஞ்சின் இல்லாமல் ஒரு தலைமுறையையே வளர்த்துவிட்டீர்கள். பொறியியலாளர்களாகிய நாங்கள் கட்டியெழுப்பப் பாடுபடுகிற எதிர்காலத்தில் நீங்கள் ஏற்கனவே குடியிருக்கிறீர்கள்.”

ஊர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தங்கள் வறுமையை இவ்வளவு மரியாதையாக யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

“ஆனால், போன வருடத்திலிருந்து இங்கே ஒரு எஞ்சின் ஓடுவதாக அறிகிறேன்.”

எல்லாத் தலையும் கதிராமன் பக்கம் திரும்பியது.

பிறகு படம் ஓடியது. பனிமலை வெடித்துக் கடலில் விழுந்தது. வெள்ளைக் கரடி ஒன்று, பாய் அளவு பனிக்கட்டியில் நின்றுகொண்டு சபையைப் பார்த்தது. அடுத்ததாக ஏதோ ஒரு தீவு. கடல் வீடுகளுக்குள் வருகிறது. ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறாள். “இது நாளைக்கு உங்கள் ஊர்” என்றார் யேசுரட்ணம். “புகை கூடக் கூடக் கடல் எழும்பும். வீட்டுக்குள் வரும்.”

கதிராமன் இயல்பிலேயே குற்றத்தைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிற ஆள். பக்கத்து வளவில் மாடு செத்தால், நேற்று அதைப் பார்த்து ‘நல்ல மாடு’ என்று சொன்ன தன் கண்ணூறுதானோ என்று யோசிப்பான். “உங்களைப் போல நாலு பேர் இருந்தால் பொலிசுக்கு வேலையே இல்லை, தாங்களாப் போய் மறியலுக்குள்ள இருப்பினம்” என்று மனைவி தங்கமுத்து சொல்லுவாள். அப்படிப்பட்டவன் கரடியின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துவிட்டான். பார்த்தவன் எழும்பி நின்றான்.

“ஐயா, எனக்கொரு சந்தேகம். இஞ்ச விழுந்த ஷெல், குண்டு, அதுகளும் புகைஞ்சதுதானே?”

“நல்ல கேள்வி. இராணுவப் புகை கணக்கில் வராது. அது சர்வதேச நடைமுறை. யுத்தம் தற்காலிகமானது. விளக்கு நிரந்தரமானது.”

“பெரிய ஆலையளிட்டயும் நீங்கள் இதைச் சொல்லுறனீங்களோ, ஐயா?”

“சொல்லாமல் விடுவோமா? ஆனால் அவர்களிடம் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பொறியியலின் அடிப்படை விதி, ஓடுகிறதை நிற்பாட்டாதே, நிற்கிறதை ஓடவிடாதே. நீங்கள் நிற்கிறீர்கள்.” அவர் குரலைத் தாழ்த்தி, நல்ல செய்தி சொல்கிறவர் போலத் தொடர்ந்தார். “நீங்கள் விடாத புகைக்கு ஒரு பெறுமதி உண்டு. குளிர் நாட்டு இரும்பாலை ஒன்று அதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. நீங்கள் விடாததை அது விடும்.”

“அப்ப புகை வரத்தானே போகுது.”

“வரும். ஆனால் அது ஈடுசெய்யப்பட்ட புகை. அந்த வித்தியாசம் கரடிக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கவேண்டும்.”

கதிராமனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் விளங்காதது தன்னுடைய குற்றம் என்று பட்டதால் இருந்துவிட்டான்.

ஊர் ஒப்புக்கொண்டால் சூரிய வெளிச்சத்தில் ஓடுகிற வள்ளம் ஒன்றும், கடற்கரைக்கு ஒரு மின்விளக்கும் கம்பனி தரும். அதற்குப் பதிலாகக் கம்பனி சொல்லும்வரை புளியடித்துறையில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் எரியக் கூடாது. கம்பனி இதற்கென்று ஒரு நீளமான துணியும் நிறப்பேனைகளும் கொண்டு வந்திருந்தது. எல்லோரும் துணியில் கையெழுத்து வைத்துவிட்டுக் கையசைத்தால் போதும், படம் எடுத்துவிடலாம் என்றாள் ஐவி.

அபிவிருத்திச் சங்கத் தலைவர் கந்தப்போடிக்கு அது சரியாகப் படவில்லை. அவர் வாக்கை வாக்காக மதிக்கிற பழைய மனிதர். “துணியில எழுதினது மழைக்கு அழிஞ்சிடும் ஐயா. பெரிய விசயம் கதைச்சிருக்கிறம். கடலாச்சி அம்மனிட்டப் போவம்” என்றார்.

அவர்கள் பக்கத்தில் பெரிய வாக்கு என்றால் அதற்கு ஒரே வழிதான். அம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். அப்படிப் பண்ணினதை மீறினவன் குடும்பத்தோடு கெட்டுப்போவான் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. யாருக்குக் கொடுத்த சத்தியமோ, அவர் அதே சந்நிதியில் வந்து நின்று ‘சத்தியத்தை விட்டேன்’ என்று சொன்னாலொழிய அது விலகாது. அதனாலேயே யாரும் லேசில் பண்ணுவதில்லை. காணிச் சண்டைக்குக்கூடக் கோட்டுக்குத்தான் போவார்கள்.

யேசுரட்ணத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அற்புதம். உள்ளூர்ப் பண்பாடு. படத்துக்கும் எடுப்பாக இருக்கும்.”

எஞ்சின்காரன் என்ற முறையில் ஊருக்காகக் கதிராமன் அணைத்தான். “கம்பனி ஐயா சொல்லும்வரைக்கும் எங்கட ஊரில எண்ணெய் எரியாது, தாயே” என்று சொல்லிக் கையை வைத்தான். ஊர் கண்ணை மூடிக்கொண்டது.

“மன்னிக்கவேண்டும்” என்றார் படம் எடுத்தவர். “நெருப்பு படத்தில் விழவில்லை. இன்னொருக்கால் செய்ய ஏலுமா?”

சத்தியத்தை இரண்டாம் தரம் பண்ணுவது பற்றி ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கந்தப்போடி யேசுரட்ணத்தைப் பார்த்தார். யேசுரட்ணம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் கற்பூரம் கொளுத்தினார்கள். கதிராமன் ஏற்கனவே கொப்பளித்த கையால் மறுபடியும் அணைத்தான். இந்த முறை நெருப்பு நன்றாக விழுந்தது.

அன்று பின்னேரம் அவன் எஞ்சினைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கீழே கொண்டுபோனான். முதல் தரம் பயத்தில் புதைத்தவன், இந்தத் தரம் வெட்கத்தில் புதைத்தான். பக்கத்துத் துறைகளில் எல்லாம் எஞ்சின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. கடற்படை விட்டுவிட்டது. இயக்கம் விட்டுவிட்டது. நாளைக் கம்பனி மட்டும் விடவில்லை.

ஊர் சத்தியத்தைக் காக்கிறதா என்று பார்க்கக் கம்பனி ஒரு புகைமானி கொண்டு வந்து பனையில் கட்டியது. புகை பட்டால் அதில் சிவப்பு விளக்கு எரியும். அதற்குரிய சூரியத் தகடு துறைமுகச் சுங்கத்தில் சிக்கியிருந்தபடியால், தற்காலிகமாக ஒரு டீசல் ஜெனரேற்றரில் கொழுவினார்கள். அது இரவு பகலாக ஓடியது. “அது புகையாதோ, மிஸ்?” என்று கேட்டாள் தங்கமுத்து. “அளக்கிற கருவியின்ர புகை ஊர்க் கணக்கில் வராதாம், அக்கா” என்றாள் ஐவி. சொல்லும்போது அவள் நிலத்தைப் பார்த்தாள்.

சூரிய வள்ளமும் வந்தது. கம்பனியின் பொறியியலாளர்கள் கொழும்பில் ஒரு குளத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்ட வள்ளம். புளியடித்துறையில் குளம் இல்லை, கடல்தான் இருந்தது. பற்றரிகளின் பாரத்தில் கரையேற்ற ஏலவில்லை. ஏற்றினால் இறக்க ஏலவில்லை. பிறகு அதன் தகட்டுக் கூரை நிழலில் ஆடுகள் படுத்தன. யேசுரட்ணம் வெள்ளைக்காரர் இருவரோடு வந்து பார்த்துவிட்டு, “கால்நடைகளும் பயனடைகின்றன” என்றார்.

ஒரு வருசத்துக்கு மேலாகக் கதிராமன் துடுப்பு வலித்தான். மற்றத் துறையாட்கள் எஞ்சினில் போய் மீன் ஏற்றிக்கொண்டு வரும்போது, அவன் இன்னும் பாதி வழியில் இருப்பான். ஆனாலும் கடல் எழும்பாமல் அதே இடத்தில் நின்றது. அதைப் பார்க்க அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

2004 கார்த்திகையில் மழை விடாமல் பெய்து, மூதூர்ப் பாதை வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஒரு மத்தியானம் கந்தப்போடியின் கடைசி மகள் ஞானமணிக்கு வலி வந்தது. அவளுடைய புருசன் தம்பலகாமத்தில் தாய் தகப்பனின் வயலில் நின்றான். மருத்துவிச்சி பார்த்துவிட்டு வெளியே வந்து, “பிள்ளை குறுக்க கிடக்கு. திருமலைக்குக் கொண்டுபோனால்தான் ரெண்டு உயிரும் தப்பும்” என்றாள். துடுப்பு வலித்துக் குடாவைக் கடப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அது கந்தப்போடிக்கும் தெரியும், கதிராமனுக்கும் தெரியும். இரண்டு பேரும் கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்றார்கள்.

“அண்ணை, ரெண்டு தரம் அணைச்ச கற்பூரம்” என்றான் கதிராமன்.

“தெரியும்.”

“கம்பனிக்காரர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். ஐவி மிஸ்ஸும் ஆடி மாசத்துக்குப் பிறகு இஞ்சால வரயில்லை.”

உள்ளே ஞானமணி அலறினாள். கந்தப்போடி தன் வலது கையைத் தன் உச்சந்தலையில் வைத்தார். “சத்தியம் என்ர தலையில இருக்கட்டும். நீ எஞ்சினை எடு.”

கதிராமன் எடுத்தான், கூடப் புதைத்திருந்த பெற்றோல் கலனையும் எடுத்தான். குடாவின் நடுவில் கடற்படைப் படகு மறித்தது. சிப்பாய் எட்டிப் பார்த்தான், கர்ப்பிணியைக் கண்டான், கையைக் காட்டிப் போகச் சொன்னான். போகவிட்டு, “எஞ்சினுக்குத் தடை எடுத்தாச்சுத்தானே. ஏன் கள்ளன் மாதிரிப் பயப்படுறது?” என்று அரைத் தமிழில் கேட்டான்.

“கம்பனிக்குப் பயம், ஐயா.”

“எந்தக் கம்பனி?”

“பூமிக்காரர்.”

சிப்பாய்க்கு விளங்கவில்லை. ஞானமணிக்குத் திருமலை ஆசுபத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை புருசன் வீட்டில் நிற்கட்டும் என்று தம்பலகாமத்துக்குக் கூட்டிப் போனார்கள். கதிராமன் திரும்பி வந்து கரையில் ஏறியபோது பனையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பனி பீப்பா பீப்பாவாக வைத்துவிட்டுப் போன டீசலில் ஓடிய ஜெனரேற்றர் பழுதாகி நிற்கும்வரை அது அணையவில்லை. அதைப் பார்த்தபடி அவனால் சோறு தின்ன முடியவில்லை.

அடுத்த மாதம், மார்கழி இருபத்தாறு, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, கடல் எழும்பியது. வீட்டுக்குள் வந்தது.

கதிராமனும் தங்கமுத்துவும் விறகுக்குக் காட்டுப் பக்கம் போயிருந்ததால் தப்பினார்கள். வீடு, கோழிக்கூடு, எஞ்சின், புகைமானி, பனை எல்லாம் போயின. சூரிய வள்ளம் தன் ஆயுளில் முதல் தடவையாக ஓடி, பள்ளிக்கூடக் கூரையில் ஏறி நின்றது. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கந்தப்போடியை மறுநாள் கண்டல் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். கதிராமன்தான் தூக்கினான். தூக்கும்போது அந்தத் தலையைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனிடம் ஒரே கதைதான். கரடிப் படத்தில் காட்டியது நடந்துவிட்டது. புகை விட்டேன், கடல் வந்தது. சத்தியத்தைத் தலையில் ஏற்றின மனிதனைத் தேடி வந்து கொண்டுபோனது.

“நீங்கள் அண்டைக்கு எஞ்சினை எடுத்தபடியாத்தான் ஞானமணியும் பிள்ளையும் உயிரோட இருக்கினம்” என்றாள் தங்கமுத்து. “இஞ்ச நிண்டிருந்தால் கடல் அவளையும் கொண்டுபோயிருக்கும். அதை ஏன் நினைக்கிறீங்களில்லை?”

“நினைக்கிறன். ஆனால் கடல் கொண்டுபோன மற்றச் சனம்?”

“இந்தக் கடல்முழுக்க ஆயிரம் எஞ்சின் ஓடுது. உங்கட எஞ்சின்தான் அதுக்குக் கேட்டதோ?”

“அவையள் சத்தியம் பண்ணயில்லை.”

அகதிமுகாமில் தங்கமுத்து அடுப்பு மூட்டும்போதெல்லாம் அவன் எழும்பி வெளியே போனான்.

சித்திரையில் நாளைக் கம்பனி திரும்பி வந்தது. வாகனக் கதவில் இப்போது ‘கடலோர மீள்கட்டுமானப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. இடிந்த பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பந்தல், கதிரைகள், ஒலிபெருக்கி, செயலமர்வுக்கு வந்த அதே ஜெனரேற்றர். மேசையில் பளபளவென்று புது எஞ்சின்கள் வரிசையாக இருந்தன. முந்தியதைவிட இரண்டு மடங்கு வலுவானவை. முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஐவியும் வந்திருந்தாள். அவள் கதிராமனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணை, உங்கட கதை கேள்விப்பட்டனான். அது புகையால வந்த கடல் இல்லை. சுமாத்திராப் பக்கம் கடலுக்கடியில பூமி நடுங்கினது. அதுக்கும் எஞ்சினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சத்தியமாச் சொல்லுறன்.”

“சத்தியமெண்டு லேசாச் சொல்லாதையுங்கோ, பிள்ளை” என்றான் கதிராமன். “கடல் வீட்டுக்குள்ள வரும் எண்டு நீங்கள்தானே படம் போட்டனீங்கள்.”

ஐவியின் முகம் செத்துப்போயிற்று. யேசுரட்ணம் அன்று சொன்ன அந்த வசனத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் அவள்.

யேசுரட்ணம் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்த ஊருக்கு நாங்கள் அன்றே எச்சரித்தோம். கடல் வரும் என்றோம், வந்தது. விஞ்ஞான ரீதியாக இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சிலர் சொல்லலாம். உணர்வு ரீதியாக உண்டு. துயரத்தில் இருக்கிற மக்களுக்கு உழைப்பு வேண்டும். உழைப்புக்கு எஞ்சின் வேண்டும். ஓடுகிற எஞ்சின்தான் வாழ்கிற ஊர். இது நான் என்றும் சொல்லி வருகிற கருத்து.”

கைதட்டினார்கள். முதல் எஞ்சினுக்குக் கதிராமனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் மேடைக்கு வந்தான், எஞ்சினைத் தொடவில்லை.

“ஐயா, சத்தியம் கிடக்கு.”

“எந்தச் சத்தியம்?”

“எண்ணெய் எரிக்கமாட்டம் எண்டு கற்பூரம் அணைச்சது. ரெண்டு தரம்.”

யேசுரட்ணம் ஐவியைப் பார்த்தார். ஐவி காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். “ஓ, அதுவா. அந்தத் திட்டம் போன ஆடியிலேயே மூடியாச்சு. இரும்பாலைக்கு இன்னும் கடுமையான தடையுள்ள ஊர் வேறொரு நாட்டில் கிடைத்துவிட்டது. அங்கே யுத்தநிறுத்தம் வரும் ஆபத்தும் இல்லை.”

கதிராமன் விரலை மடக்கினான். ஆடி, ஆவணி, புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை. “அப்ப நான் எஞ்சின் எடுக்கேக்க சத்தியம் இல்லையோ, ஐயா?”

“இல்லை. எல்லோருக்கும் அறிவித்தோம். அமைச்சுக்கு, வங்கிக்கு, மாவட்ட அரசாங்கக் கச்சேரிக்கு.”

“எங்களுக்கு ஒருத்தரும் சொல்லயில்லை.”

“ஊருக்கு அறிவிக்கவேண்டியது சமூக இணைப்பாளர். அந்தப் பதவி திட்டத்தோடு முடிந்துவிட்டது. அறிவிக்க ஆள் இருக்கவில்லை.” அதை அவர் ஒரு கணக்கின் விடையைச் சொல்வது போலச் சொன்னார்.

கதிராமனின் முகத்தில் சில மாதங்களாக இல்லாத ஓர் உயிர் வந்தது. தங்கமுத்து அதைக் கண்டாள். கண்டவள் உள்ளுக்குள் அம்மனைக் கும்பிட்டாள். ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை.

“அம்மனுக்கு ஆர் சொன்னது, ஐயா?”

அவன் கோயில் பக்கம் கையைக் காட்டினான்.

“வாக்குக்கு உரியவர் வந்து சொன்னால்தான் அது விலகும். கோயில் அந்தா கிடக்கு. கூரை இல்லை, அம்மன் இருக்கிறா. நீங்கள் ஒருக்கா வந்து சொல்லவேணும். கந்தப்போடி அண்ணை அதைத் தன்ர தலையில ஏத்தினவர். ‘அவரில பிழையில்லை, நாங்கள் சொல்லாமல் விட்டதுதான் பிழை’ எண்டு ஒரு வார்த்தை. அவ்வளவும் போதும்.”

யேசுரட்ணம் கடற்கரை மணலைப் பார்த்தார், தன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தார். “இங்கிருந்தே சொன்னால் ஆகாதா?”

ஊர் கூடிக் கதைத்தது. சத்தம் போய்ச் சேர்ந்தால் சரி என்று வயதானவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒலிபெருக்கியைக் கழற்றிக் கோயில் பக்கம் திருப்பிக் கட்டினார்கள். சனம் எழும்பிக் கைகூப்பி நின்றது. வெளிநாட்டுக்காரர்களும் எழும்பி நின்று படம் எடுத்தார்கள்.

“புகை தவிர்ப்புத் திட்டம் சென்ற ஆடி மாதம் முடிவுற்றது என்பதை இத்தால் அறியத் தருகிறேன்” என்றார் யேசுரட்ணம், கூரையில்லாத கோயிலைப் பார்த்து.

“மற்றது, ஐயா” என்றான் கதிராமன். “பிழை ஆரில எண்டது.”

யேசுரட்ணம் வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த கம்பனிச் சட்டத்தரணி அவருடைய முழங்கையைத் தொட்டார். இருவரும் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். ஐவி தன் கதிரையிலிருந்து பாதி எழும்பினாள். எழும்பியவள், சட்டத்தரணி திரும்பிப் பார்த்ததும் இருந்துவிட்டாள். அவளுடைய பதவி இந்தத் திட்டத்தோடுதான் மறுபடி கிடைத்திருந்தது.

யேசுரட்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியை நெருங்கினார். குரல் தெளிவாக, கணீரென்று போயிற்று. கோயிலில் பட்டுத் திரும்பியும் வந்தது.

“மேற்படி விடயத்தில் ஏற்பட்ட எந்த இழப்புக்கும் கம்பனி பொறுப்பல்ல.”

சனத்தின் கூப்பிய கைகள் அப்படியே நின்றன. தங்கமுத்து மட்டும் கையை இறக்கினாள். அவள் புருசனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த உயிர் போய்க்கொண்டிருந்தது.

கதிராமன் கோயில் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, கணக்குச் சரிவந்தவனைப் போலத் தலையாட்டினான்.

“சரி, ஐயா. அம்மனுக்கும் கேட்டிருக்கும். அப்ப அது என்ரைதான்.”

வெளிநாட்டுக்கார அம்மா ஒருத்தி, அவன் என்ன சொல்கிறான் என்று ஐவியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எஞ்சின் தன்னுடையது என்கிறார்” என்றாள் ஐவி.

எல்லோரும் சந்தோசமாகக் கைதட்டினார்கள்.